ஐந்தாவது வரி

நாற்பத்தொரு மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. இது கற்பனை இல்லை. கற்பனையாக இருந்தால் எனக்கு நிம்மதி.

வெள்ளி இரவு பத்து மணிக்கு, கடலுக்குப் போன ஒரு விசைப்படகின் வயர்லெஸ் தொடர்பு அறுந்தது. ஆள் பட்டியலில் நான்கு பேர். பெயர் எழுதாமல் ஐந்தாவதாக என் தம்பி சரத்குமார் ஏறியிருந்தான். கல்லூரிக்கு மட்டம். "அப்பாகிட்ட சொல்லிடாதக்கா. நாளைக்கே வந்துடுவேன்." எனக்கு மட்டும்தான் தெரியும். நான்கு பேரைத் தேடினால் அவனும் கிடைப்பான் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிறு பிற்பகல், உப்பளம் துறைமுகப் பகுதியில் படகுச் சங்க அலுவலகத்தில் இருந்தேன். அங்கிருந்த பட்டியல் மென்பொருள் நான் எழுதியது. துறைமுகம், அதன் கீழ் படகு, அதன் கீழ் ஆட்கள் என்று கிளை கிளையாக விரியும். படகைச் சொடுக்கினால் பெயர்கள் பின்னணியில் வந்து சேரும். அதுவரை 'ஏற்றப்படுகிறது…' என்று ஒரு வரி நிற்கும். கடைசிப் பெயர் வந்ததும் மறைந்துவிடும்.

மணி 3.04. சங்கச் செயலாளர் இளம்பரிதி போனை வைத்தார்.

"நாலு பேரும் உயிரோட கெடைச்சுட்டாங்க! தேடுறத நிறுத்திடுவாங்க."

"நாலு பேர்… தானா சார்?"

"பின்ன நாப்பதா? மார்க் பண்ணும்மா."

சொடுக்கினேன். நான்கு பெயர்கள் வந்தன. கீழே அந்த வரி மறையவில்லை.

ஏற்றப்படுகிறது…

"உன் புரோகிராம் தூங்குது பாரு," என்று சிரித்தார்.

3.07. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். நான்கே பதிவுகள்.

3.09. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன்.

வரி அப்படியே நின்றது.

டப்…

விசைப்பலகைமேல் ஒரு துளி. மேலே கூரை காய்ந்து கிடந்தது.

டப்… டப்…

உப்பு வாடை.

3.11. வரி மாறியது. எழுத்து எழுத்தாக.

ச…

ர…

"யாரு இது, சரத்குமார்?"

"என் தம்பி சார். அந்த போட்லதான் போனான். நிறுத்த வேணாம்னு சொல்லுங்க… தேடச் சொல்லுங்க சார்…"

மேலும் இரண்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள், படகை ஓட்டிய கோவிந்தசாமியை ஆஸ்பத்திரியில் பார்த்தேன்.

"எங்கண்ணே என் தம்பி?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே கடல்ல விழுந்துட்டான்மா."

"சாயங்காலமா? அப்ப வயர்லெஸ்…"

"வேல செஞ்சுது. லிஸ்ட்ல இல்லாத பையன்… அதான் நாங்க யாரும் சொல்லல."