ஆடிக்கு முந்திய கிரயம்

சேலத்தில் ஒரே வளவுக்குள் பன்னிரண்டு குடித்தனம் இருந்த வரிசை வீட்டை நாங்கள் வாங்கினோம். வாங்கியே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான். அதற்காக நாமகிரிப்பேட்டையில் என் பேரில் இருந்த தோட்டத்தை விற்றிருந்தோம். வீட்டை விற்றவர் ராசிபுரத்து நெய் வியாபாரி. ஆனி முடிவதற்குள் எல்லாக் குடித்தனத்தையும் காலி செய்து கிரயம் எழுதித் தர வேண்டும் என்று ஒப்பந்தம். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் சொத்து எழுத மாட்டார்கள். ஆவணிவரை விட்டால் மனுசன் மனசு மாறிவிடுவான் என்று எனக்குப் பயம்.

பதினோரு வீடு காலியானது. கடைசி வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. வியாபாரி வந்து கையைப் பிசைந்தார்.

"ஏனுங்க அம்மிணி, பச்ச ஒடம்புக்காரிங்க. முப்பது நாள் கழியட்டுமுங்க. ஆவணி பொறந்ததும் கெரயம் பண்ணிக்கலாம். ஊட்ட வேற யாருக்கும் தரமாட்டனுங்க."

"அதெல்லாம் ஆகாதுங்க. கெடுன்னா கெடுதான். இல்லீனா அச்சாரத்தத் திருப்பிக் குடுங்க" என்றேன். அது அவரிடம் செலவாகிவிட்டது என்று தெரிந்தேதான் சொன்னேன். என் வீட்டுக்காரர், "ஒரு மாசந்தான, உட்டுக் குடேன்" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு பெற்றவள் நான்! முப்பது நாள் கழியாமல் என் அம்மா என்னை வாசற்படி தாண்ட விட்டதில்லை.

கிரயத்துக்கு முதல் நாள் சாவி வாங்கப் போனோம். அந்தப் பெண் காதை மூடித் துணி கட்டி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஏறினாள். வாழப்பாடியில் அக்காள் வீட்டுக்குப் போகிறாளாம். தூறல் வேறு. அவள் புருஷன் என்னைப் பார்த்து, "போய்ட்டு வாரமுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

மறுநாள் கிரயம் முடிந்தது. ஆடி பிறந்தது. புதுக் குடித்தனம் ஒன்றுகூட வரவில்லை. ஆடியில் யார் வீடு மாறிப் பால் காய்ச்சுவார்கள்? சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. கிரயத் தேதியிலேயே குறியாக இருந்த எனக்கு உறைக்கவில்லை. பன்னிரண்டு வீடும் மாதம் முழுக்கப் பூட்டிக் கிடந்தன.

ஒருநாள் என் வீட்டுக்காரர் அந்தக் கடைசி வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு மாசத்தத்தான அந்தப் புள்ள கேட்டுச்சு" என்றார்.

"நீங்க அன்னிக்கே அடிச்சுச் சொல்றதுதானுங்க?" என்று அவர்மேல் பாய்ந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் அது போகவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டுவர வாழப்பாடிக்கு ஆள் அனுப்பக்கூட எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.