இரவல் தலை

தேங்காயைக் காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டுகிறார் மாதையன். பிறகு அதே முட்டியால் தம் உச்சந்தலையிலும் ஒரு தட்டு. இரண்டு சத்தத்தையும் ஒப்பிட்டுவிட்டு, "இது எளசுங்க. சீமையில சண்டை வந்ததுலருந்து தேங்காகூட தெம்பு கொறஞ்சுபோச்சு" என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கிறார்.

இண்டூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் ஆடிப் பதினெட்டன்று வேண்டுதல்காரர்கள் வரிசையாகச் சம்மணமிட்டு உட்காருவார்கள். பூசாரி ஒவ்வொரு தலையாகத் தேங்காய் உடைத்துக்கொண்டே போவார். வேண்டிக்கொள்ளும்போது இருக்கும் துணிச்சல் தேங்காயைக் கண்டதும் சிலருக்குப் போய்விடும். அவர்களுக்காகத் தலை கொடுப்பது மாதையனின் தொழில். கூலி ஒரு வள்ளம் கேழ்வரகு. இருபது வருஷமாக, பாப்பாரப்பட்டி வரைக்கும் திருவிழா தவறாமல் போய்வந்த தலை அது.

அவருக்கு இன்னும் ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. வீட்டுக்குக் கிளம்பி ஏரிக்குப் போய்விடுகிறார். போன ஆடியில், தலையில் தேங்காய் வாங்கியதை மறந்து வரிசைக் கடைசியில் மறுபடி உட்கார்ந்தார். கூலி கொடுத்த இருவரின் வேண்டுதலையும் மாற்றிச் சொன்னார்: "சாமி, குள்ளம்மாளுக்கு கெடாரிக் கன்னு பொறக்கோணும், மாரப்பன் மாட்டுக்கு ஆம்பளப் புள்ள பொறக்கோணும்."

மாரப்பன் அடிக்க வந்தார். குள்ளம்மாள்தான், "வுடுங்க, கன்னுன்னா பாலாச்சும் கறக்கும்" என்று தடுத்தாள்.

தருமபுரி டாக்டர் விளக்கினார். சீமையில் குத்துச்சண்டைக்காரர்களுக்கு இந்த நோய் வருமாம். தலையில் பட்ட அடிகள் மூளையை உள்ளேயே கெடுத்துவிட்டன, போனது திரும்பாது, இனி ஓர் அடிகூடப் படக்கூடாது.

"நான் யாரையுங் குத்தலீங்களே" என்றார் மாதையன்.

"வாங்குனவனுக்குத்தான் சீக்கு. பேசாம இரு மாமா" என்றாள் அவர் மனைவி கண்ணம்மாள்.

இதில் என் பங்கும் உண்டு. நான் பி.ஏ. தேறினால் என் தலையில் தேங்காய் உடைப்பதாக அம்மா வேண்டியிருந்தாள். தேறிவிட்டேன். அது மூடப்பழக்கம் என்று அவளிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு, மறுநாளே மாதையனிடம் போய்த் தலை கேட்டேன். டாக்டர் சொன்னதைக் கேள்விப்பட்டதும் ஓடிப்போய், வேண்டாம் என்றேன். நான் கேட்டது அவருக்கு நினைவிருந்தது. வேண்டாம் என்றது மறந்துபோயிற்று. தினமும் எங்கள் வாசலில் வந்து நின்று, "பி.ஏ. தம்பி, ஆடி எப்ப வருது?" என்பார்.

பதினெட்டன்று நானே வரிசையில் உட்கார்ந்தேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார் மாதையன். அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தபடி பின்னாலேயே கண்ணம்மாள்.

"எந்திரி தம்பி. படிச்ச தலை. ஒடஞ்சா இங்கிலீசெல்லாம் கொட்டிப்போயிரும்."

எழுந்துவிடலாம் போலத்தான் எனக்கு இருந்தது. மறைத்து என்ன பயன்? "நானே வாங்கிக்கறேண்ணா" என்றேன்.

அவர் போகவில்லை. என்னை ஒட்டி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணம்மாள் பூசாரியைப் பார்த்துக் கைகூப்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

தேங்காய் என் தலையில் உடைந்தது. பூசாரி மாதையனைத் தாண்டி அடுத்தவரிடம் போனார்.

"வலிக்கலீங்க சாமி!" என்று கத்தினார் மாதையன்.

என் காதோரம் ரத்தம் இறங்கியது. கண்ணம்மாள், உடைந்த தலைகளுக்குப் பூச வைத்திருந்த மஞ்சளை அள்ளி அவருடைய காயமில்லாத உச்சந்தலையில் அப்பினாள். "ஆச்சு மாமா, எல்லாரு வேண்டுதலும் தீந்துபோச்சு."

கண்ணைத் திறக்காமலே, அவள் கைக்கு எட்டும்படி தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார் மாதையன்.