கைராசிக்காரி

அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் தோட்டச் சங்கம் ஆரம்பித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். தோட்டம் காடு என்று பிழைக்கிற குடும்பங்கள்தான் எல்லாம். வாரம் ஒருநாள் கூடுவோம். விதைகளை மாற்றிக்கொள்வோம், மண்புழு உரம் தயாரிப்போம், கோயில் பாதையோரம் புங்கன் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றுவோம். ஊற்றுகிற தண்ணீரைவிடப் பேசுகிற பேச்சுதான் அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சங்கத்தில் முதல் விதை என் கையால்தான். எனக்குக் கைராசி என்று ஊரே சொல்லும். யார் புதுப் பாத்தி கட்டினாலும் என்னைக் கூப்பிட்டு, கிழக்கே பார்த்து நிற்கவைத்து, முதல் விதையைப் போடச் சொல்வார்கள். மிச்சத்தை அவரவர் போட்டுக்கொள்வார்கள். எனக்கு நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. படிப்பும் பாதியில் நின்றது. ஊரில் எனக்கென்று இருந்த மரியாதை இந்தக் கை ஒன்றுதான்.

அப்போதுதான் அவள் வந்தாள். கோயம்புத்தூர் டவுனில், ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்து, எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சின்னப் பெண். டி.வி.எஸ். வண்டியில் கூட்டத்துக்கு வருவாள். களை பிடுங்கக் கையுறை போடுவாள்! "மண்ணத் தொடப் பயப்படறவளுக்குத் தோட்டம் ஒண்ணு கேடா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் முணுமுணுத்தேன். சிரிப்பாள் என்று பார்த்தால், "பாவமுங்க, மண்ணு பட்டா அரிக்குதாமா" என்று அவளுக்குப் பரிந்துகொண்டு வந்தாள்.

அந்த வருஷம் நான் முதல் விதை போட்ட தோட்டங்களில் வெண்டை முளைக்கவே இல்லை. மழை கிடையாது, வெயில் மண்டையைப் பிளந்தது. விதை என்ன செய்யும்? ஆனால் அவள் வீட்டுப் பந்தலில் மட்டும் பாகலும் பீர்க்கங்காயுமாகத் தொங்கின. போதாதா? முதலில் ஒருத்தி அவளைக் கூப்பிட்டு விதை போடச் சொன்னாள். பிறகு இன்னொருத்தி. நான் வந்தால் பேச்சை மாற்றினார்கள்.

அடுத்த ஆடியில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த தரிசைச் சங்கம் எடுத்துக்கொண்டது. பிள்ளைகளின் சத்துணவுக்குக் காய்கறி போடலாம் என்று திட்டம். முள்ளை வெட்டினோம், கல் பொறுக்கினோம், எல்லோருக்கும் இடுப்பு ஒடிந்தது. ஆடிப்பெருக்கு அன்று முதல் விதை. நான் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். சங்கத் தலைவி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இந்தத் தடவ சின்னவ போடட்டுமுங்க. நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி."

விதை யாருடையது? என்னுடையது. என் வீட்டுச் சுரை விதை, சாம்பலில் புரட்டிப் பத்திரப்படுத்தி நான் கொண்டுவந்தது. அதை என் கையிலிருந்து வாங்கி அவள் கையில் கொடுத்தார்கள். கைதட்டல் வேறு!

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புடக்காளியில், அதுதான் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில், குழி வெட்டி எரு போட்டு அதே சுரை விதையை ஊன்றினேன். எது முந்துகிறது என்று பார்த்துவிடுவோம்! மாமியார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் அம்மா வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் முளை வெளியே தலைகாட்டியிருந்தது.

அப்புறம் எனக்கு வேறு வேலையே இல்லை. கடைக்குப் போகவேண்டுமானாலும் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். அவள் கொடியில் ஓர் இலை பழுத்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கும். புதுத் தளிர் விட்டிருந்தால் வீட்டில் பாத்திரம் உருளும்.

புரட்டாசியில் என் கொடிதான் முதலில் காய்த்தது. கூடை நிறையப் பறித்து, தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய்ச் சங்கக் கூட்டத்தின் நடுவே வைத்தேன்.

"அடேங்கப்பா, எத்தாச்சோடு காயி!" என்று காயின் பருமனைப் பார்த்து எல்லோரும் எழுந்து வந்தார்கள்.

"பள்ளிக்கூடத்துல இன்னும் பூவுதானுங்களே? எதுக்கும் கைன்னு ஒண்ணு வேணுமில்லீங்களா!" என்று அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

கூட்டத்தில் இருந்த என் மாமியாருக்கு ஒரே பூரிப்பு.

"அதச் சொல்லு அம்மணி! நீ உங்கம்மா ஊட்டுக்குப் போன அன்னிக்கு நாந்தேன் இந்தப் புள்ளயக் கூட்டியாந்தேன். நீ ஊனுனத நோண்டி எறிஞ்சுபோட்டு, இவ கையால புதுசாப் போடச் சொன்னேன். போன வருசம் நீ போட்டது ஒண்ணும் மொளைக்கலயில்ல, அதேன். சொன்னா மனசு சங்கடப்படுவியேன்னு சொல்லல கண்ணு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு நின்ற இடத்திலேயே பூமி பிளக்கக்கூடாதா என்றிருந்தது. அவள் பதறிப்போய் என் பக்கம் வந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க்கா, சத்தியமா. வெத உங்களுது, குழி நீங்க வெட்டுனது. எங்கையில என்னங்க்கா இருக்குது?"

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. திமிராக ஒரு வார்த்தை பேசியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள், மகராசி. அவள் நல்லவளாக இருந்தது எனக்கு இன்னும் தாங்கவில்லை.

"முதல் காய் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கே போகட்டுமுங்க" என்றார் தலைவி. அவளிடம் திரும்பி, "நீயே உங்கையால கொண்டுபோய்க் குடு கண்ணு" என்றார்.

கூடை அவளுக்குக் கனத்தது. "அந்தப் பக்கம் கொஞ்சம் புடிக்கறீங்களாக்கா?" என்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடித்தேன். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடந்தோம். சத்துணவு சமைக்கிறவர் வாசலுக்கே ஓடிவந்து, ஒரு காயைத் தடவிப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"கைராசின்னா இதல்லவா கைராசி!"

கூடையின் மறுபக்கத்தை நான் இன்னும் விட்டிருக்கவில்லை.