புகைப்போக்கியை அடைத்தவன்

கரியில் வாட்டியவரை அருண்பாண்டியனுக்குச் சிக்கல் வந்ததில்லை. சமையல் எண்ணெய் வந்த பழைய தகர டிரம்மை அறுத்து, உள்ளே கம்பிவலை வைத்து, மேலே ஒரு புகைப்போக்கியும் பற்றவைத்து, வாடகை வீட்டின் பின்பக்கம் அவனே புகையடுப்பு செய்திருந்தான். வெல்டிங் பட்டறைக்காரனுக்கு அது பெரிய வேலையில்லை. கனிந்த கரி அவ்வளவாகப் புகையாது. மூடியைப் போட்டுவிட்டால் கறி பாட்டுக்கு மெல்ல வேகும். மாடிவரை வாடை ஏறாது.

ஏறக்கூடாது. உள்ளே வேகுவது மாட்டுக்கறி. மாடியில் இருப்பவர் வீட்டுக்காரர் இசக்கித்துரை.

சங்கரன்கோவிலில் வீடு தேடி அலைந்தபோது எல்லா வாசலிலும் ஒரே கேள்விதான்: “நீங்க என்ன ஆளுக?” காலனி என்று உண்மையைச் சொன்ன இடங்களிலெல்லாம், அந்த நிமிடமே வீடு வேறு யாருக்கோ பேசி முடிந்துபோயிருந்தது. இசக்கித்துரை கேட்டபோது அருண்பாண்டியன், “குருவிகுளம் பக்கம் அண்ணாச்சி, நம்ம ஆளுகதான்” என்றான். அவர் யாரை நினைத்துக்கொண்டாரோ, சாவியைக் கொடுத்துவிட்டார். அவனும் மனைவி ஜெயசித்ராவும் மகளை எதிர்த்தெருப் பள்ளியில் சேர்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரி கிடைக்கவில்லை. அடைமழையில் காட்டில் யாரும் கரிமூட்டம் போடவில்லை. கடையில் ஈரத்தூள்தான் கிடந்தது. உடைமர விறகு வாங்கி வந்தான். அவன் கொடுத்த காசில் கறி வாங்கிக்கொண்டு பட்டறைக் கூட்டாளி ஆதம் வந்து சேர்ந்தான்.

“ஏலே, விறகை வெளிய எரிச்சு, கனிஞ்ச கங்கை மட்டும் அள்ளி உள்ள போடு. இது சின்ன டிரம்மு, தாங்காது.”

“வெளிய எரிச்சா மாடியில இருந்து எட்டிப் பாப்பாவ.”

பச்சை விறகை அப்படியே உள்ளே திணித்தான். புகை எழுந்தது. பதறிப்போய்ப் புகைப்போக்கியில் சாக்கை அடைத்தான். காற்றுப் போகாத நெருப்பு இன்னும் மோசமாகக் குமைந்து, மூடி இடுக்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கக்கியது.

இசக்கித்துரை துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். “என்னவே இது, கண்ணைத் திறக்க முடியல?” மூடியைத் தூக்கிப் பார்த்தவர் முகம் மாறியது. “ஏ, இது என்ன கறி?”

“அண்ணாச்சி… இது ஆதம் கொண்டாந்தது. அவன் வீட்டுக்கு வாட்டித் தரச் சொன்னான். நாங்க இதெல்லாம் தொடமாட்டோம்.”

ஆதம் அவனைப் பார்த்தான். பிறகு, “ஆமா அண்ணாச்சி, எனக்குத்தான்” என்று சொல்லி, வேகாத கறியைச் சட்டியில் அள்ளிக்கொண்டு போனான்.

தன் காசில் வாங்கி, தன் அடுப்பில் வேகவைத்ததை ஒருவன் தன்னுடையதில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்தவன் அடுப்பைத் திறந்து பார்த்தவருக்குக் கூச்சமில்லை. கூச்சம் முழுவதும் திறக்கப்பட்டவன் தலையில் வந்து விழுந்தது. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஊர்க்கட்டுப்பாடு.

பொழுது சாய அருண்பாண்டியன் ஆதமின் வீட்டுக்குப் போனான். ஆதமின் மனைவி அப்ரீன் பானு தட்டு வைத்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“தின்னுல. கறியைத் திரும்ப வேகவச்சாச்சு. உன் பொய்தான் இன்னும் வேகாம கெடக்கு” என்றான் ஆதம்.

“காலைல அவர்ட்ட உள்ளதைச் சொல்லிருதேன்.”

“சொல்லு. காலி பண்ணச் சொன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கன போவ?”

அருண்பாண்டியன் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். ஆனாலும் சொல்லிவிடுவதென்றுதான் விடிந்ததும் வெளியே வந்தான். இசக்கித்துரை வாசலில் நின்றிருந்தார்.

“நீ நல்ல பையன்வே. சேர்க்கைதான் சரியில்ல. அந்தப் பயல இனிமே இங்கன கூட்டியாராத.”

உள்ளே ஜெயசித்ரா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“சரி அண்ணாச்சி” என்றான் அருண்பாண்டியன்.

பட்டறையில் ஆதம், “சொன்னியா?” என்று கேட்டான். அருண்பாண்டியன் வெல்டிங் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். பற்றவைக்க வேண்டிய இரும்பு இன்னும் வந்திருக்கவில்லை.