டியூபாவின் வாயில் கட்டிய துணி

போன வாரம் பெரம்பலூர் பாலக்கரையில் அரியலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சிக்னலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பின்னால் தொங்கும் ஸ்டெப்னி சக்கரத்துக்கு வட்டமாக ஒரு உறை. காவி, வெள்ளை, பச்சை, நடுவில் அசோகச் சக்கரம். பக்கத்தில் நின்ற இருவருக்குள் வாக்குவாதம் கிளம்பிவிட்டது. ஒருவர் அதை தேசபக்தி என்றார். மற்றவர், ரோட்டுச் சேறெல்லாம் கொடியில் அடிக்கிறது, இது அவமரியாதை என்றார். தீராமல்போகவே இரண்டு பேரும் என் நரைத்த தலையைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கய்யா" என்றார்கள்.

அப்போது வந்த பஸ்ஸில் ஏறித் தப்பித்துக்கொண்டேன். அது திருச்சி பஸ் என்பது பாடாலூரில் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் பழைய பித்தளை பாய்லரைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். புளியும் பித்தளையும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், இடது தோள்பட்டை தானாகக் கொஞ்சம் இறங்கியது. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் தோளுக்கு மறக்கவில்லை பாருங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு பேண்டு செட்டில் டியூபா வாசித்தேன். வாசித்தேன் என்பது பெரிய வார்த்தை. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பாட்டைப் பார்த்துக்கொள்ளும். நான் அடியில் இரண்டே ஸ்வரத்தை மாற்றி மாற்றி ஊதிக்கொண்டு வருவேன். உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்கிற வகை டியூபா அது. தலைக்கு மேலே அண்டா அகலத்துக்கு வாய் முன்னோக்கித் திரும்பியிருக்கும். நான் அப்போது முருங்கைக்குச்சி மாதிரி இருப்பேன். உயரமாக இருந்ததால், செட்டை நடத்திய தங்கராசு மாஸ்டர் என்னை எப்போதும் முதல் ஆளாக நடக்கவிடுவார். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையைவிட என்னைத்தான் அதிகம் பார்ப்பார்கள் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. உண்மையில் பார்த்தது டியூபாவை.

அந்த டியூபா வேறு ஊர் பேண்டிலிருந்து பழசாக வாங்கியது. அதன் வாய்க்குள் அவர்கள் பெயர் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. எவ்வளவு புளி போட்டாலும் போகவில்லை. ஒரு ஆகஸ்ட் பதினைந்துக்கு எங்களைக் கொடியேற்ற வாசிக்கக் கூப்பிட்ட பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர், முன்கூட்டியே அதைப் பார்த்துவிட்டு, நம் கொடிக்கு எதிரே யாரோ ஒரு பேண்டுக்காரன் பெயர் நிற்கக்கூடாது, மூடிக்கொண்டு வாருங்கள் என்றார். மூடுகிற வேலை என் அக்காவிடம் போனது. அக்கா தையல் மெஷின் வைத்திருந்தாள். மீந்த ஜாக்கெட் துணியில் மூன்று நிறத்தையும் சேர்த்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, நடுவில் டம்ளரைக் கவிழ்த்து நீல மையால் சக்கரமும் போட்டுவிட்டாள். மூடச் சொன்னால் மூடுவதோடு நிற்கிற ஆளில்லை அவள். காலையில் ஹெட்மாஸ்டர் பார்த்ததும் முகம் மலர்ந்து, பிரமாதம் என்று என் முதுகில் தட்டினார். அன்றைக்கு நான் ஊதிய இரண்டு ஸ்வரமும் துணி வழியாகக் கொஞ்சம் அடங்கித்தான் வந்தது, ஆனாலும் எனக்கு ஒரே பெருமை.

மிட்டாயை வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது ஒருவன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். என் வயசுதான் இருக்கும், பெயர் செல்லமுத்து. அப்பா செத்துவிட்டார், மத்தியானம் எடுக்கிறோம், வாசிக்க வர வேண்டும் என்றான். குரும்பலூர் தாண்டிப் போக வேண்டும்; ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இப்போது சம்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவன் அப்பா கிணறு வெட்டுகிறவர்.

தங்கராசு மாஸ்டர் உடனே சரி என்றார். கிளம்பும்போது டியூபாத் துணியைக் காட்டி, "கழட்டிடவா மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். "தூறல் விழுற மாதிரி இருக்கு. இருக்கட்டும்டா" என்றார். வானம் அப்படியொன்றும் கறுத்திருக்கவில்லை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ வருஷம் குழம்பியிருக்கிறேன்.

காலனியிலிருந்து பாடை கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் வழி இரண்டாகப் பிரிந்தது. நேரே போனால் ஊரின் பெரிய தெரு, அதைக் கடந்தால் சுடுகாடு. இடப்பக்கம் கருவேல முள்ளுக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை, முழங்கால் தண்ணீரில் வாய்க்காலை இறங்கிக் கடந்து அதே சுடுகாட்டுக்குச் சுற்றிப் போகும். காலனிப் பிணங்களுக்கு அந்தப் பாதைதான் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பிணம் எந்த வழியாகப் போகும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நேர் வழியில்தான் போகும். மாஸ்டருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் பிறந்ததும் அப்படியொரு காலனியில்தான்.

நான் நேரே நடந்தேன். செல்லமுத்து கொள்ளிச்சட்டியோடு முன்னால் ஓடிவந்து, "அண்ணே, எங்களுக்கு அந்தப் பக்கம்ண்ணே" என்றான். திரும்பி மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தார். கல்யாணமோ சாவோ, அவர் கண்ணை மூடி வாசித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாட்டை நடுவில் நிறுத்தக்கூடாது என்பது எங்கள் செட்டில் சட்டம். அதனால் நடந்தேன். அதனால்தான் நடந்தேனா, தோளில் கொடி இருந்த தைரியத்தில் நடந்தேனா?

தெருமுனையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டுக்கு வந்தார். வாயைத் திறந்தவர் என் தலைக்கு மேலே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு வாசலில் ஒரு வயசாளி, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவராம், நாற்காலியிலிருந்து விறைப்பாக எழுந்து நெற்றியில் கை வைத்து சல்யூட் அடித்தார். அவர் நிற்கவும் மற்றவர்களும் எழுந்தார்கள். ரோட்டில் நின்றவருக்கு மறிப்பதா, ஒதுங்கி மரியாதை செய்வதா என்று புரியவில்லை. தோளில் போட்ட துண்டை எடுத்தார், திரும்பப் போட்டார், கடைசியில் ஒதுங்கினார். பயத்தில் ஒரே ஸ்வரத்தையே ஊதிக்கொண்டு தெருவைக் கடந்தேன். அன்றைக்குத் தூறலும் விழவில்லை.

இரண்டு நாளில் ஹெட்மாஸ்டர் என்னையும் மாஸ்டரையும் துணியோடு கூப்பிட்டனுப்பினார். அந்த ஊரிலிருந்து புகார் வந்திருந்தது. தெருவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேசியக் கொடியை அவமதித்துவிட்டார்கள் என்று புகார். ஹெட்மாஸ்டர் நேர்மையான மனிதர், நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார். கொடியை எதற்கும் மூடியாக்கக்கூடாது, எச்சில் படக்கூடாது, கண்ட இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். நீங்கள்தானே சார் பிரமாதம் என்றீர்கள் என்று என் வாய்வரை வந்து நின்றது. பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்து, துணியை மேஜையில் விரித்துப் பென்சில் முனையால் சக்கரத்தின் ஆரங்களை எண்ணினார். இருபத்திரண்டு. இரண்டு குறைந்தது. அப்படியென்றால் இது கொடியே இல்லை, குற்றமும் இல்லையா, அல்லது ஆரம் குறைந்ததால் இரண்டு குற்றமா? அவர் மறுபடி எண்ணினார். மறுபடியும் இருபத்திரண்டுதான்.

மாஸ்டர் கேட்டார். "எது தப்புங்க சார்? கொடி போனதுங்களா, அது போன தெருவுங்களா?"

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துணிய வச்சுட்டுப் போங்கப்பா" என்றார். அடுத்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூப்பிடவில்லை. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னதற்கு, "ஜாக்கெட் துணிடா அது" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கப் போய்விட்டாள். அன்றைக்குத் தூறல் என்றது வானத்தைப் பார்த்துத்தானா என்று மாஸ்டரிடம் ஒருமுறை கேட்டேன். "மழைய யாரு கண்டா" என்றார்.

ஏழெட்டு வருஷம் கழித்து அரியலூர் ரயில்வே கேட்டில் செல்லமுத்துவைப் பார்த்தேன். தலையெல்லாம் சுண்ணாம்புக்கல் தூசி. அந்த ஊர்வலத்துக்குப் பிறகு ஊரில் யாரும் அவனை வயக்காட்டு வேலைக்குக் கூப்பிடவில்லையாம். அதனால் இங்கே லாரியில் கல் ஏற்ற வந்துவிட்டான். அவன் அம்மா செத்தபோது பழையபடி முள்ளுப் பாதைதான் என்றான். நேரே நடந்தவன் நான், வேலை போனது அவனுக்கு. மன்னித்துக்கொள் என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "அந்தத் தெருவுல பாதிக் கெணறு எங்கப்பா வெட்டுனதுண்ணே. உள்ள எறங்கணும்னாகூடக் கொல்லப்பக்கமா சுத்தித்தான் போவாரு. அன்னிக்கு ஒரு நாளுதான் வாசப்பக்கமா போனாரு" என்றான். ரயில் கடந்து கேட் திறந்தபோது இன்னொன்றும் சொன்னான். "நீங்க முன்னாடி போயிட்டீங்க, பாத்திருக்க மாட்டீங்க. அந்தப் பட்டாளத்துக்காரரு கொடி தாண்டிப் போனப்புறமும் கைய எறக்கல. எங்கப்பா பாடை அவரத் தாண்டுற வரைக்கும் எறக்கல."

இன்றைக்கு அந்த ஒற்றையடிப் பாதை இல்லை. கருவேலத்தை அழித்து மனை போட்டுவிட்டார்கள். காலனிப் பிணமும் தெருப் பிணமும் ஒரே தார்ரோட்டில், ஒரே மாதிரி வண்டியில் போகின்றன. சந்தோஷம்தான், குறை சொல்ல எனக்கென்ன உரிமை. டியூபாவை விற்றாகிவிட்டது. மாஸ்டரும் ஹெட்மாஸ்டரும் போய்விட்டார்கள், அந்தத் துணி என்ன ஆனதென்று தெரியாது. பட்டாளத்துக்காரரும் இல்லை. அவர் கை யாருக்காக நெற்றியில் நின்றது என்று கேட்க ஆளில்லை. பாடாலூரில் டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அமரர் ஊர்தி மணியடித்துக்கொண்டு கடந்தது. கடையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தோம். நான் எழுந்திருக்கலாம் என்று நினைத்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அது போய்விட்டது.