தோற்பதற்கும் பணம் தந்த காசிம் ராவுத்தர்

சென்ற வெள்ளிக்கிழமை மாட்டுங்கா சலூனில் என் இடது கன்னம் மட்டும் மழிக்கப்பட்டிருந்தபோது, தாராவித் தோல் பட்டறை மேஸ்திரி மூச்சிரைக்க வந்து, "வாத்தியாரே, மொதலாளி மௌத்தாயிட்டாக" என்றார். மறு கன்னத்தை மறந்து ஓடினேன். இறந்துபோன பட்டறை முதலாளி காசிம் ராவுத்தருக்காகப் பம்பாய் முழுவதுமே அரைத் தாடியோடு ஓடியிருக்க வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் தும்மினால் தாதரில் ரயில் நிற்கும், சிரித்தால் சயான் கோட்டையில் ஒரு கல் பெயரும். படிப்பு மூன்றாம் வகுப்பு.

தேசம் பிரிந்தபோது வந்த அகதிகளின் செம்பூர் முகாமில், இவ்வருஷ மழைக்கு முன்பே வாந்திபேதி தொடங்கிவிட்டது. எல்லாரும் ஒரே தொட்டியில் கைவிட்டு மொண்டார்கள். குழாய் வைத்த மூடிய டிரம் செய்து பார்க்கலாம் என்று, பள்ளியில் ரசாயனம் கற்பிக்கும் நான் நிவாரணக் கமிட்டியிடம் சொன்னேன். "நிரூபித்துக் காட்டுங்கள், பிறகு பணம்" என்றார்கள். பணமில்லாமல் எதை நிரூபிப்பது?

ராவுத்தரிடம் போனேன். நான் வரைந்த டிரம் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"வேலை செய்யுமாவே?"

"தெரியாது."

"அப்ப மூணு டிரம் செஞ்சு பாரும். ரெண்டு தோக்கட்டும். தோத்த அன்னைக்கே வந்து சொல்லும். மழை நமக்காகக் காத்துக் கிடக்காதுல்லா?"

அன்று மாலையே பணம் கைக்கு வந்தது.

முதல் டிரம் ஒழுகியது. இரண்டாவது ஒழுகவில்லை; சனங்கள் மூடியைத் திறந்து பழையபடி கைவிட்டு மொண்டார்கள். இவர்களுக்குப் புத்தியே இல்லை என்று ஏழு உலகமும் கேட்கப் பிரசங்கித்தேன். ராவுத்தரோ செம்பூர் வந்து தண்ணீர் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற ஜம்னா பாய், அந்த வாரம்தான் மகனை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தவர்; இடுப்பில் மகள் இருந்தாள். இந்தியில் பிடிபிடியென்று பிடித்தார்: "அரே சேட், குழாய் தரையை முட்டுது! அடியில் என் குடம் எப்படி நுழையும்?"

ராவுத்தர் என் பக்கம் திரும்பினார். "நீரு குடம் தூக்கியிருக்கீரா வாத்தியாரே? நானும் தூக்கல. இனிமே பரீட்சை அதிகாரி இந்தம்மாதான். இவுக சரின்னா சரி."

மூன்றாவது டிரம் மேடையேறியது. குடம் நுழைந்தது, நிரம்பியது. மூடியை யாரும் தொடவில்லை. "டீக் ஹை, சரிதான்" என்றார் ஜம்னா பாய். சர் பட்டம் கிடைத்தவர்கூட ராவுத்தரைப் போலப் பூரித்திருக்க மாட்டார்! மழை இறங்குவதற்குள் முகாம் முழுக்க டிரம் வைத்துவிட்டார்.

மழை ஓய்ந்தது, அவர் இதயமும் நின்றது. செம்பூரிலிருந்து நடந்தே வந்த அகதிகள் அவர் உடலைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார்கள். தெருமுனையில் ஜம்னா பாய், மகளை இறக்கிவிடாமல், ஊர்வலம் மறையும்வரை நின்றார்.

போய் வாருங்கள், ராவுத்தரே. இந்த மழையில் அந்த முகாமிலிருந்து ஒரு பாடைகூடக் கிளம்பவில்லை. அவர்கள் சுமந்தது உங்களை மட்டும்தான்.