ஹார்ப்சிகார்ட் வராத பிற்பகல்

எங்கள் நகரின் எப்சம் பகுதியில், ஒரு தேவாலயத்தில், எங்கள் சிறு குழுவின் பரோக் இசைக் கச்சேரி; முந்நூறு வருடப் பழைய ஐரோப்பியப் பாட்டுகள். அன்று காலை எங்கள் கிளென் ஈடன் வீட்டில் நான் தியோர்போவுக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்தை வாசிப்பவருக்குக் கடும் காய்ச்சல், வரமாட்டார். இனிப் பாடகிக்குத் துணை என் தியோர்போவும், வில்லால் வாசிக்கும் செல்லோவும் மட்டுமே.

தியோர்போ நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம். நிமிர்த்தினால் என்னைவிட உயரம். பாடுபவரைக் கீழிருந்து தாங்குவதே அதன் வேலை. எங்கள் இசைத்தாளில் கீழ்ச் சுரங்களும் அவற்றுக்குச் சில எண்களும் மட்டுமே இருக்கும். மற்றதை வாசிப்பவர்தான் அந்தக் கணத்தில் இட்டு நிரப்பவேண்டும். பத்து வருடங்களாக அதை ஹார்ப்சிகார்டின் ஒலிக்குள் பாதி ஒளிந்துகொண்டே செய்துவந்தேன்.

பாடகி மதுரைக்காரி, மருத்துவமனைத் தாதி. தேவாலய வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்களும் செல்லோவும் மட்டுமா? பயமா இருக்கு."

"நான் இருக்கிறன்தானே. நீர் ஆறுதலா மூச்சு எடும். நான் காத்திருப்பன்."

சொல்லிவிட்டு உள்ளே போய், காலையில் கூட்டிய சுருதியை மறுபடியும் சரிபார்த்தேன்.

மூன்றாவது பாட்டு மிக மெதுவானது. நடுவில் அவள் இரண்டு தாளக்கட்டுகளைத் தவறவிட்டு முன்னால் போய்விட்டாள். அவள் முகம் வெளிறியது. நான் தாளைப் பார்ப்பதை விட்டேன். அவள் பிடித்திருந்த சுரம் எங்கே சேருமென்று காது சொன்னது. அங்கே பாய்ந்து, நீளத் தந்தியைக் கட்டைவிரலால் ஓங்கி மீட்டினேன். செல்லோக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த சுரத்தில் அவரும் வந்து சேர்ந்தார். அவள் குரல் மீண்டும் நிலைகொண்டது.

கைதட்டல் ஓய்ந்து பின்னறைக்குப் போனதும் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நான் எங்க போனேன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சது?"

"உம்மட குரலைத்தானே கேட்டுக்கொண்டிருந்தனான்."

கச்சேரியைக் கேட்டுவிட்டு வெளியே காத்திருந்த என் கணவர் வாத்தியப் பெட்டியை வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஒரு இடத்திலயும் பிசகேல்லை. நல்லாப் பாடினா."

"ஓம்," என்றேன். நடந்ததை அவருக்குச் சொல்லவில்லை. கேட்டவர்கள் யாருக்கும் தெரியாமல் போனதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் கார் நியூ லின்னைத் தாண்டும்வரை எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த கச்சேரிக்கான ஒத்திகையில், ஹார்ப்சிகார்ட்காரர் குணமாகி வந்திருந்தார். மெதுவான பாட்டுகள் வந்தபோது பாடகி அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: இவற்றுக்குத் தியோர்போ மட்டும் போதுமா? அவர் சிரித்துக்கொண்டே கைகளை மடியில் வைத்துக்கொண்டார். நான் நாற்காலியை அவளுக்குப் பக்கமாக இழுத்துப் போட்டேன்.